புள்ளி புள்ளி ஏற்பட்டால்

சொல் ஒப்புதல் வாரியத்தில் காலை வேலை உறுதிமொழியோடு தொடங்கும். எல்லோரும் எழுந்து நின்று, வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டு, "வாரியம் ஒப்பும் வரை எந்த அயற்சொல்லுக்கும் நான் பொருள் கூறேன், பிறரைக் கூறத் தூண்டேன், கூறுவோர் அருகில் நில்லேன்" என்று சொல்ல வேண்டும். வாயைப் பொத்திக்கொண்டு சொல்வதால் ஒருவர் சொல்வது பக்கத்தில் நிற்பவருக்குக் கேட்காது. உறுதிமொழியின் நோக்கமே அதுதான் என்பார் வாரியத் தலைவர்.

வெளிநாட்டுச் சொற்களுக்கு நம் மொழியில் சொல் கண்டுபிடித்துத் தருவது வாரியத்தின் பணி. வாரியம் ஒப்பாத எந்தச் சொல்லையும் அரசுக் கட்டடங்களில் எழுதி ஒட்டக் கூடாது. மிக நல்ல சட்டம். இந்தச் சட்டத்தின் தயவால் பல அலுவலகக் கதவுகளைத் தள்ளுவதா இழுப்பதா என்று இன்று வரை யாருக்கும் தெரியாது. மக்களும் ஒரு தரம் தள்ளிப் பார்த்துவிட்டு, அப்புறம் இழுத்துப் பார்த்து, எப்படியோ காலம் தள்ளுகிறார்கள்.

வாரியத்தின் பிரெஞ்சுப் பிரிவு என்பது ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு மொழிபெயர்ப்பாளர். நாற்பதைத் தாண்டியவர். மேலதிகாரி தும்மினால்கூட "சரிங்க" என்று சொல்லிப் பழகியவர். நெஞ்சில் ஈரம் உள்ள மனிதர்தான். ஆனால் அந்த ஈரத்தை அலுவலக நேரத்தில் வெளியே எடுக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

நான்கு மாடிக் கட்டடத்துக்குப் புது லிஃப்ட் வந்தது. கடல் கடந்து வந்த லிஃப்ட் என்பதால் உள்ளே ஒரு தகட்டில் நான்கு அறிவிப்புகள் பிரெஞ்சில் இருந்தன. அவற்றை மொழிபெயர்ப்பாளர் மதியச் சாப்பாட்டுக்கு முன்பே மொழிபெயர்த்துவிட்டார். முதல் மூன்றும் ஒப்புதல் பெற்றன. நான்காவது தகராறு செய்தது. "சூப்ரசோ ஏற்பட்டால் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது." லிஃப்ட் என்ற சொல் முன்பே வாரியத்தின் ஒப்புதல் பெற்றிருந்தது, சூப்ரசோ பெற்றதில்லை. ஒப்பாத சொல்லை எழுதக் கூடாது, அயல் எழுத்தையும் அப்படியே விட்டுவைக்கக் கூடாது. ஆகவே தகட்டின் மேல் ஒரு தாளை ஒட்டினார்கள். அதில் இப்படி இருந்தது: "…………… ஏற்பட்டால் இந்த லிஃப்டைப் பயன்படுத்தக் கூடாது."

மொழிபெயர்ப்பாளர் தலைமைக் குழுவுக்கு ஒரு குறிப்பு எழுதினார். சூப்ரசோ என்றால் எதிர்பாராமல் ஒரேயடியாக உலுக்கும் அசைவு. குதிரை சட்டென்று துள்ளி மேலே இருப்பவரை நிலைகுலையச் செய்வதைச் சொல்வார்கள். வண்டி போகிற போக்கில் தூக்கிப் போடுவதையும் சொல்வார்கள். தூக்கத்தில் உடம்பு வெட்டி இழுப்பதற்கும் அதே சொல்தான். ஓர் ஆட்சி அமைதியில்லாமல் கொந்தளிப்பதற்கும், அழியப் போகும் ஒன்றின் கடைசித் துடிப்புக்கும் எழுத்தில் வரும். ஒருவகை மேடை நடனத்தில் இரண்டு காலையும் சேர்த்துக்கொண்டு மேலே எழும்பும் குதிப்புக்கும் அதுவே பெயர். லிஃப்டைப் பொறுத்தவரை, "தூக்கிப் போட்டால் இதில் ஏறாதே" என்பதே செய்தி. பரிந்துரை: தூக்கிப் போடுதல்.

குழுவில் நான்கு பேர். தலைவர், அரசியல் பேராசிரியர், ஒரு டாக்டர், செயலாளர். குறிப்பை ஒவ்வொருவரும் இரண்டு தரம் படித்தார்கள்.

"தூக்கிப் போடுதல்னு எழுதியிருக்கீங்க," என்றார் தலைவர். "வீட்டுல குப்பையைப் பத்திப் பேசற மாதிரி இருக்கு. ஜனங்க பேசறதையே நாம எடுத்துக் குடுத்தா, அப்புறம் நாம எதுக்கு இருக்கோம்?"

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் தேடும் துணிச்சல் அறையில் யாருக்கும் இல்லை.

"ஆட்சியைப் பத்தி ஒரு பொருள் இருக்கு," என்றார் பேராசிரியர். "லிஃப்ட்ல இந்தச் சொல்லை ஒட்டறோம். நாலு பேர் படிக்கறாங்க. ஆட்சி ஆடுது போலன்னு நினைக்கறாங்க. யார் பொறுப்பு? நான் இல்ல."

"கடைசித் துடிப்புன்னும் இருக்கே," என்றார் டாக்டர். "துடிக்கணும்னா முதல்ல உயிர் இருக்கணும். லிஃப்டுக்கு உயிர் இருக்கா இல்லையாங்கறதை முடிவு பண்ணாம நாம இதுல கை வைக்க முடியாது."

மொழிபெயர்ப்பாளர் "சரிங்க" என்றார். குதிரைக்கு ஓர் உட்குழு, உடலுக்கு ஓர் உட்குழு, ஆட்சிக்கு ஓர் உட்குழு என்று அமைத்தார்கள். நான்கு பேரே எல்லா உட்குழுவிலும் இருந்தார்கள். நடனத்துக்கு உட்குழு வேண்டாம் என்றார் தலைவர், தனக்கு மூட்டுவலி என்பதால்.

குதிரை உட்குழு ஒரு லாயத்துக்குப் போனது. துள்ளலை நேரில் காணாமல் சொல் படைப்பது அறமாகாது என்று பேராசிரியர் வற்புறுத்தியிருந்தார். குதிரை நின்றது. குழு அதன் எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்தது. குதிரை புல்லைத் தின்றது. பொழுது சாயும் வரை அது ஒரு தரம் காதை ஆட்டியதோடு சரி. லாயக்காரர் வந்து, "இது நல்ல குதிரைங்க, அப்படியெல்லாம் பண்ணாது," என்றார். "குதிரை ஒத்துழைக்கவில்லை" என்று அறிக்கை தயாரானது.

உடல் உட்குழுவில் டாக்டர் செயல்முறை விளக்கம் தந்தார். செயலாளரை மேசை மேல் உட்காரவைத்து, முழங்காலுக்குக் கீழே சின்னச் சுத்தியலால் தட்டினார். செயலாளரின் கால் சட்டென்று எழும்பி, எதிரே குனிந்து பார்த்துக்கொண்டிருந்த தலைவரின் தாடையில் பட்டது. தட்டப் போகிறார்கள் என்று செயலாளருக்கு முன்பே தெரியும், ஆகவே அவருக்கு நேர்ந்தது திடீர் அசைவு ஆகாது. தலைவருக்குத் தெரியாது, ஆகவே அவருக்கு நேர்ந்தது ஆகும் என்று நீண்ட விவாதத்துக்குப் பின் பதிவு செய்தார்கள். தலைவர் தாடையைப் பிடித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார்.

இதற்கிடையில் லிஃப்ட் தன் வேலையை ஆரம்பித்துவிட்டது. இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவே ஒரு வெட்டு வெட்டும். முதலில் சாதாரணமாக, பேச்சில் ஒரு சொல் தடுக்குகிற அளவுக்கு. போகப் போக ஏறுபவர்கள் கம்பியைப் பிடித்துக்கொள்ளும் அளவுக்கு.

மொழிபெயர்ப்பாளர் முதல் நாள் அந்த வெட்டை உணர்ந்ததுமே அடுத்த மாடியில் இறங்கிக்கொண்டார். அன்றிலிருந்து படிதான். ஏன் என்று கேட்டவர்களிடம் உடம்புக்கு நல்லது என்றார். வீட்டிலும் அப்படித்தான் சொன்னார். சொல்லிச் சொல்லி அவருக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

குழுவினரும் அதே நாட்களில் உடம்பைப் பேணத் தொடங்கினார்கள். நான்காம் மாடியில் நடக்கும் கூட்டங்கள், எல்லோருக்கும் மூச்சு அடங்கிய பிறகே தொடங்கின. ஒவ்வொரு மாடிப்படித் திருப்பத்திலும் தலைவருக்காக ஒரு நாற்காலி போட்டார்கள். தட்டச்சுப் பெண்கள், காவலாளிகள், துப்புரவுப் பணியாளர்கள், மனு கொடுக்க வந்தவர்கள் எல்லோரும் லிஃப்டில் போனார்கள். லிஃப்டில் கூட்டம் குறைந்துவிட்டது என்று அவர்களுக்கு மகிழ்ச்சி.

அந்த லிஃப்டை அதிகம் நம்பியிருந்தவர் டீ அக்கா. கீழ்த்தளத்தில் ஒரு சின்ன அறையில் டீ போட்டு, பெரிய கெட்டிலையும் கண்ணாடி டம்ளர் அடுக்கிய தட்டையும் தூக்கிக்கொண்டு நான்கு மாடிக்கும் போவார். வீட்டில் சம்பாதிப்பவர் அவர் ஒருவர்தான். கல்லூரியில் படிக்கும் மகள் இருக்கிறாள். யாருக்குச் சர்க்கரை கூடாது, யாருக்கு ஆறியிருக்க வேண்டும் என்பதெல்லாம் அவருக்குத் தெரியும். அவருடைய பெயர் என்ன என்பது மட்டும் வாரியத்தில் யாருக்கும் தெரியாது.

ஒரு நாள் மொழிபெயர்ப்பாளர் படியை நோக்கிப் போகும்போது அக்கா லிஃப்ட் வாசலில் நின்றிருந்தார்.

"தம்பி, இந்த லிஃப்டு ரெண்டாவது மாடி தாண்டினதும் ஒரு மாதிரி பண்ணுது. டம்ளரெல்லாம் எகிறுது. உள்ள என்னமோ ஒட்டியிருக்காங்களே, புள்ளி புள்ளி ஏற்பட்டால்னு. புள்ளி புள்ளின்னா என்ன? நீங்க படிச்சவங்க, சொல்லுங்களேன்."

நடையில் ஈ காக்கா இல்லை. சொல்லியிருந்தால் கேட்டிருக்கக்கூடியவர் அக்கா ஒருவர்தான். ஆனாலும் மொழிபெயர்ப்பாளரின் வலது கை பாதி உயரம் வரை எழும்பி, வாய்க்கு அருகில் வந்து நின்றது. பல வருடப் பழக்கம்.

"அது இன்னும் முடிவாகலக்கா," என்றார். "முடிவானதும் எழுதிடுவாங்க."

"ஓ, பெரிய விஷயம் போல," என்று அக்கா உள்ளே போனார். கதவு மூடியது. மொழிபெயர்ப்பாளர் படியில் ஏறினார். மூன்றாம் மாடி வந்து சேரும் வரை டம்ளர் சத்தத்துக்காகக் காதைத் தீட்டிக்கொண்டே ஏறினார். அன்று ஒன்றும் ஆகவில்லை. ஒன்றும் ஆகவில்லை என்பதால் மறுநாளும் அவர் ஒன்றும் சொல்லவில்லை.

ஆட்சி உட்குழு தன் இரண்டாம் கூட்டத்தை ஒத்திவைத்த வாரத்தில் அது நடந்தது. காலை நேரம். தலைவர் இரண்டாம் மாடித் திருப்பத்து நாற்காலியில் உட்கார்ந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். தலைவரைத் தாண்டிப் போவது மரியாதை இல்லை என்பதால் மொழிபெயர்ப்பாளர் இரண்டு படி கீழே நின்றிருந்தார். சுவருக்கு அந்தப் பக்கம் லிஃப்ட் ஏறும் சத்தம். டம்ளர்களின் கலகலப்பு. பிறகு கட்டடமே அதிரும்படி ஒரு முட்டு, கண்ணாடி உடையும் சத்தம், "அம்மா" என்று ஒரு குரல்.

தலைவரும் மொழிபெயர்ப்பாளரும் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

"கீழ தெருவுல ஏதோ சத்தம்," என்றார் தலைவர்.

மொழிபெயர்ப்பாளர் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு மேலதிகாரியைத் தாண்டிக்கொண்டு ஓடினார். மூன்றாம் மாடியில் கதவு பாதி திறந்து நின்றது. அக்கா உடைந்த கண்ணாடிக்கு நடுவே கிடந்தார். கொதிக்கும் டீ கையில் கொட்டியிருந்தது. கணுக்கால் திரும்பக்கூடாத பக்கம் திரும்பியிருந்தது. அவர் அக்காவைத் தூக்கிக்கொண்டு, படி வழியாகவே கீழே இறங்கினார்.

மருத்துவமனையில் கணுக்கால் இரண்டு இடத்தில் முறிந்திருக்கிறது என்றார்கள். மறுநாள் பார்க்கப் போனபோது அக்கா மகளிடம் அவரைக் காட்டி, "இந்தத் தம்பிதான். இவரு மட்டும் அந்நேரம் படியில வரலேன்னா நான் எவ்வளவு நேரம் உள்ள கெடந்திருப்பேனோ," என்றார். மகள் எழுந்து நின்று கும்பிட்டாள். மொழிபெயர்ப்பாளருக்கு அந்தக் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்ளலாம் போல இருந்தது. நான்தான் உங்களை ஏறவிட்டேன் என்று சொல்ல வாய் எடுத்தார். "வலி இருக்காக்கா?" என்று கேட்டுவிட்டு வந்தார்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் வீட்டில் கண் அசந்த மொழிபெயர்ப்பாளரின் உடம்பு வெடுக்கென்று துள்ளி, அவர் எழுந்து உட்கார்ந்தார். பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த மனைவி பார்த்தாள்.

"என்னங்க இது, ஒரு வாரமா இப்படித் தூக்கித் தூக்கிப் போடுது? எதையாவது மனசுல வெச்சுக்கிட்டுக் குமையறீங்களா?"

"ஒண்ணுமில்ல. உடம்புக்கு நல்லதுதான்," என்றார் அவர், தூக்கக் கலக்கத்தில். அவள் மடித்த துணியைக் கீழே வைத்துவிட்டு அவரையே பார்த்தாள். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

வாரியம் விசாரணை நடத்தியது. விதி எளியது. அலுவலகச் சாதனத்தால் விபத்து என்றால் வைத்தியம் வாரியத்தின் பொறுப்பு, தேறி வரும் வரை வேலையும் காத்திருக்கும். தன் கவனக்குறைவால் விழுந்தார் என்றால் இரண்டும் கிடையாது. வேறு ஆள் வந்து டீ போடுவார். விசாரித்தவர்கள் அதே நான்கு பேர். இடம் நான்காம் மாடிக் கூட்ட அறை. லிஃப்ட் ஆதாரம் என்பதால் பூட்டி முத்திரை வைத்திருந்தார்கள். ஆகவே மாவுக்கட்டுப் போட்ட அக்காவை நாற்காலியோடு இரண்டு காவலாளிகள் படி வழியாகத் தூக்கி வந்தார்கள்.

"என்ன நடந்துச்சுன்னு சொல்லுங்க," என்றார் செயலாளர்.

"லிஃப்டு தூக்கிப் போட்டுச்சுங்க."

செயலாளரின் பேனா நின்றது. "அந்தச் சொல்லு பரிசீலனையில இருக்கும்மா. வேற மாதிரி சொல்லுங்க."

"வேற மாதிரி எப்படிங்க? தூக்கிப் போட்டுச்சு, விழுந்தேன்."

"குலுங்குச்சுன்னு போடலாமா?" என்று செயலாளர் பொதுவாகக் கேட்டார்.

"குலுங்கல் உடல் உட்குழுவுல இருக்கு," என்றார் டாக்டர். "அதை இன்னும் நாங்க விடல."

"துள்ளுச்சு?"

"அது குதிரைக்கு."

"ஆடுச்சு?"

"அது என்கிட்ட இருக்கு," என்றார் பேராசிரியர். "மேலிடத்துல கேக்காம நான் தர முடியாது."

தலைவர் தொண்டையைச் செருமினார். "இங்க யாருக்கும் இந்தம்மா மேல விரோதம் இல்ல. நமக்கும் மனசுன்னு ஒண்ணு இருக்கு. ஆனா நடந்ததைச் சொல்ல ஒரு சொல்லு வேணும். ஒப்புதலானதுல மிச்சம் இருக்கறது 'வழுக்கி விழுந்தார்' மட்டும்தான். மத்த சொல்லெல்லாம் வர்ற வரைக்கும் அந்த நிகழ்ச்சி நடக்கலன்னுதான் நாம எடுத்துக்கணும். நடக்காததுக்கு வைத்தியம் பாக்க எந்த விதியும் இல்ல."

அக்கா ஒவ்வொருவர் முகமாகப் பார்த்தார். தன் வேலை போய்க்கொண்டிருக்கிறது என்பது மட்டும் அவருக்குப் புரிந்தது.

தலைவர் மொழிபெயர்ப்பாளரிடம் திரும்பினார். "நீங்க ஒரு வார்த்தை சொன்னா முடிச்சுடலாம். அந்தத் தகட்டுல இருந்ததுக்கு வாரியத்துல யாருக்கும் பொருள் தெரியாது. அவ்வளவுதான். சட்டப்படி அது உண்மையும்கூட."

மொழிபெயர்ப்பாளர் எழுந்தார். "சரிங்க" என்ற சொல் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அக்கா அவரைப் பார்த்து லேசாகச் சிரித்தார், ஆபத்துக்கு உதவிய ஆளைப் பார்க்கும் சிரிப்பு. அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"எனக்குத் தெரியுமுங்க," என்றார். "தெரிஞ்சதாலதான் நான் படியில ஏறினேன்."

"உடம்புக்கு நல்லதுன்னுதானே ஏறினீங்க?" என்றார் தலைவர் அவசரமாக.

"அப்படித்தான் சொல்லிக்கிட்டேன்." அக்கா பக்கம் கையைக் காட்டினார். "அக்கா என்கிட்ட கேட்டாங்க. புள்ளி புள்ளின்னா என்னன்னு கேட்டாங்க. நான் சொல்லல. சொல்லாம நான் பாட்டுக்குப் படியில போயிட்டேன். நான் மட்டும் இல்லீங்க. நீங்க மூட்டுவலியோட ஏறினீங்க. டாக்டர் திருப்பத்துல உக்காந்து மாத்திரை போட்டுக்கிட்டு ஏறினாரு. பேராசிரியர் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு ஏறினாரு. என் குறிப்பைப் படிச்ச எல்லாரும் ஏறினோம். அர்த்தம் தெரியாதவங்க லிஃப்ட்ல போனாங்க."

செயலாளர் பேனாவை மூடினார். டாக்டர் தன் சுத்தியலைத் தேடுவது போலப் பைக்குள் கையை விட்டார். அக்காவின் முகத்தில் இருந்த சிரிப்பு இப்போது இல்லை.

தேநீர் இடைவேளை என்று தலைவர் அறிவித்தார். தேநீர் வரவில்லை. கொண்டுவர வேண்டியவர் அறைக்குள் கட்டுப்போட்ட காலோடு உட்கார்ந்திருந்தார். தலைவர் மொழிபெயர்ப்பாளரை ஜன்னல் ஓரமாக அழைத்துப் போனார்.

"படி விஷயம் பதிவுல ஏற வேண்டாம். உங்களுக்கும் அது நல்லதில்ல. லிஃப்டால விபத்துன்னே போட்டுடறோம். வைத்தியம், வேலை எல்லாம் உண்டு. என்ன சொல்றீங்க?"

அக்காவின் வேலைக்காகத்தான் ஒத்துக்கொள்கிறேன் என்று மொழிபெயர்ப்பாளர் மனதுக்குள் சொல்லிக்கொண்டார். தான் படியில் ஏறிய விஷயமும் சேர்ந்து பதிவில் ஏறாமல் போகிறது என்பதில் வந்த நிம்மதியும் அவருக்குத் தெரிந்தே இருந்தது. வெட்கமாக இருந்தது. "சரிங்க" என்றார்.

"லிஃப்டில் …………… ஏற்பட்டதன் காரணமாகப் பணியாளர் காயமுற்றார்" என்று தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது. எல்லோரும் எழுந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டு உறுதிமொழி சொல்லிவிட்டுக் கலைந்தார்கள்.

காவலாளிகளின் வேலை நேரம் முடிந்திருந்தது. மகள் கீழே ஆட்டோ பிடிக்கப் போயிருந்தாள். "நான் கூட்டிட்டுப் போறேன்," என்று மொழிபெயர்ப்பாளர் தோளைக் கொடுத்தார். அக்கா ஒரு கையால் அவர் தோளையும் மறு கையால் கம்பியையும் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலால் இறங்கினார். மூன்றாம் மாடி வந்தது.

"வேலை இருக்குன்னுட்டாங்கள்ல, அது போதும்," என்றார் அக்கா.

"என்னை மன்னிச்சிருங்கக்கா. அந்தச் சொல்லுக்கு அர்த்தம் சொல்லக் கூடாதுன்னு விதி. நான் அன்னிக்கு…"

"எனக்கெதுக்குத் தம்பி அர்த்தமெல்லாம்?" அக்கா மூச்சு வாங்க நின்றார். குரலில் கோபம்கூட இல்லை. "'அக்கா, லிஃப்ட்ல போகாதீங்க, என்கூடப் படியில வாங்க'ன்னு சொல்லியிருக்கலாமே. அதுல எந்தச் சொல்லுக்கு ஒப்புதல் வேணும்?"

மொழிபெயர்ப்பாளருக்கு ஓடிப்போய்விடலாம் என்று இருந்தது. ஆனால் அக்காவின் கை அவர் தோளை இறுகப் பிடித்திருந்தது. இன்னும் மூன்று மாடி இறங்க வேண்டும்.